கெட்டி ஆயில் வைத்தியம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில், இன்ஜின் வேலை செய்து எடுத்த காரில் ஐட்லிங்கில், ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் ஆயில் லைட் மினுக்குகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் பகீரென்றது. இதே வைத்தியத்தை நம்பி நானும் இரண்டு மாதம் ஓட்டியவன்.

என்னுடையது பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். ரீபோர் செய்து (சிலிண்டர்களைக் கடைந்து), கிராங்க் கிரைண்டிங் போட்டு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைக் கடைந்து), அதைத் தாங்கும் புது பேரிங்கோடு வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் தெரியாது, பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் லைட் எரியும். கேட்டால், "புது இன்ஜின் சார், செட் ஆகட்டும்" என்றார் மெக்கானிக். பிஸ்டன் ரிங் ஓட ஓடப் படியும், சரி, பேரிங்கில் இருக்கும் இடைவெளி ஓட ஓட எப்படிக் குறையும்? அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. 20டபிள்யூ-40 ஆயில் இருந்த இடத்தில் இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினார், லைட் அணைந்தது, நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த லைட்டை நம்பியதுதான் தப்பு. பல கார்களில் பிரஷர் 5, 7 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கினால்தான் அது எரியும், 8 இருந்தால் பேசாமல் இருக்கும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐயாவது வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதனால் முதலில் செய்ய வேண்டியது, ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, நன்றாகச் சூடான பிறகு ஒரு தடவை பார்ப்பது. சில சமயம் சுவிட்சே கோளாறாக இருக்கும், அங்கேயே கதை முடிந்துவிடும். இரண்டு தடவையும் குறைவாகக் காட்டினால் ரிலீஃப் வால்விலோ (பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடுவது) பம்பிலோ கோளாறு, இல்லையென்றால் ஆயிலை உறிஞ்சும் ஸ்டிரெய்னர் பைப் காற்று இழுக்கிறது. குளிரில் நன்றாக இருந்து, ஆயில் இளகும் சூட்டில் சரிந்தால், இடைவெளி வழியாக ஆயில் கசியும் பேரிங் மேல்தான் முதல் சந்தேகம். என் வண்டி குளிரில் 55 காட்டியது, சூட்டில் ஐட்லிங்கில் 8.

ரிலீஃப் வால்வு பிளாக்கின் பக்கவாட்டில் ஒரே ஒரு நட்டுக்குள் இருக்கிறது, கழற்றப் பத்து நிமிடம். லேத் பிசிறு ஏதாவது சிக்கியிருக்கும் என்று ஆசையோடு பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆனால் ஆயில் ஃபில்டர் எலிமெண்ட்டைப் பிரித்தால் மடிப்பெல்லாம் உலோகப் பொடி மினுமினுக்கிறது. அப்புறம் வேறு வழியில்லை, வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பரை இறக்கினோம். பிளாஸ்டிகேஜ் என்று மெழுகுத் திரி மாதிரி ஒரு நூல் இருக்கிறது. அதைக் கிராங்க் மேல் வைத்து, பேரிங் கேப்பை முழு டார்க்குக்கு முறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் திரும்பக் கழற்றினால், நூல் எவ்வளவு அகலம் நசுங்கியிருக்கிறதோ அதை வைத்து இடைவெளி தெரிந்துவிடும். இரண்டு தவ்வுக்குள் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டிய மெயின் பேரிங்கில் நாலு தவ். இடைவெளி இரண்டு மடங்கானால் ஆயில் கசிவு இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு! பம்ப் பாவம் என்ன செய்யும்.

20 சைஸ் பேரிங்குக்கு (20 தவ் கடைந்த கிராங்குக்கானது) லேத்தில் கிராங்கை இரண்டு தவ் கூடுதலாகக் கடைந்திருக்கிறார்கள், மாட்டியவரும் அளக்கவில்லை. கேம் பேரிங்கைத் தொடவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 30 சைஸுக்குத் திரும்பக் கிரைண்டிங், புது பேரிங், எல்லாம் இரண்டாவது செலவு. இப்போது சூட்டிலும் ஐட்லிங்கில் 20-க்குக் கீழே போவதில்லை, அதுவும் பழைய 20டபிள்யூ-40 ஆயிலிலேயே.

கேள்வி கேட்ட அந்த வாசகர் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பார். கேஜ் மாட்டிப் பார்க்கும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றும், கிராங்க் எந்த அளவுக்குக் கடையப்பட்டது என்ற மைக்ரோமீட்டர் அளவை லேத்தில் எழுதி வாங்கச் சொல்லியும் அடுத்த வாரப் பக்கத்தில் நாலு வரி போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் அம்பாசடர்க்காரர், ஈரோடு