அப்பாவின் கண்ணைப் பற்றி மகளுக்கு

அம்பாசமுத்திரம்

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. "லேசர் வச்சு ஒரேயடியா முடிச்சிருங்கம்மா, காசு நான் அனுப்புதேன்"னு நீ சொன்னது மனசிலேயே கிடக்கிறது. காசு தடையில்லை தாயி. அப்பா கண்ணுக்கு லேசர் சரிப்படாது.

நீ அத்தைக்குச் செய்ததை நினைக்கிறாய். அது புரை ஆபரேஷனுக்குப் பிறகு லென்சுக்குப் பின்னால் படிந்த திரையை விலக்கியது. அப்பாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதியில், மாக்குலாவில் கோளாறு. அதற்கு அடியில் புது ரத்தக்குழாய் முளைத்து நீர் கசிகிறது. பாபநாசம் கோயில் கொடிமரம் வளைந்து தெரிகிறது என்றாரே, அது இதனால்தான். எதிரே நிற்கிற ஆளின் முகம் மங்கல். பக்கத்துச் சுவர் பளிச்சென்று தெரிகிறது.

முன்பெல்லாம் அந்தக் குழாயை லேசர் சூட்டால் பொசுக்குவார்களாம். கசிவு நிற்கும், பொசுக்கிய இடத்தில் பார்வையும் போகும். குழாய் ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை, அப்பாவுக்கு நட்டநடுவில். பலருக்கு அது மறுபடி முளைக்கவும் செய்ததாம். 2000 வாக்கில் வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, சூடில்லாத லேசர் ஒளியால் குழாயை அடைக்கும் முறை வந்தது. அதற்குப் பின் 5 நாள் வெயிலே படக்கூடாது. அது இன்றைக்குச் சிலருக்குத்தான். 2006-ல் ரானிபிசுமாப் என்ற ஊசி மருந்து வந்ததிலிருந்து கண்ணுக்குள் போடும் ஊசிதான் முதல் வைத்தியம். பழைய லேசர் பார்வை இறங்குவதைத் தடுக்கப் பார்த்தது. ஊசியில் சிலருக்குப் பார்வை கொஞ்சம் கூடவும் செய்கிறது.

ஊசி என்றதும் பதறாதே. சொட்டு விட்டு மரத்துப்போன பிறகு, வெள்ளை விழிப் பக்கமாகப் போடுகிறார்கள். தொடக்கத்தில் மாதம் ஒன்று, அப்புறம் விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் பார்த்து இடைவெளி விடுவார்கள். போட்ட பிறகு வலி, சிவப்பு, பார்வைக் குறைவு வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். அதை நான் கவனித்துக்கொள்வேன். மற்றக் கண்ணில் இதே நோய்தான், ஆனால் கசிவு இல்லாத வகை. அதற்கும் லேசர் கிடையாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சன்னல் கம்பி நேராகத் தெரிகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்கிறேன். பீடியை விட்டுவிட்டார், அது பெரிய ஆறுதல்.

என் கவலையெல்லாம் வேறு. "போனது திரும்பலை, பொறவு எதுக்கு ஊசி?" என்று அடுத்த தவணைக்கு வரமாட்டேன் என்கிறார். இருக்கிற பார்வை நிலைக்கத்தான் ஊசி என்று நான் சொன்னால் காதில் ஏறவில்லை. நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. லேசர் பேச்சை மட்டும் எடுக்காதே, அதைப் பிடித்துக்கொண்டு ஊசியைத் தள்ளிவிடுவார். அண்ணனையும் சிகரெட்டை விடச் சொல். குடும்பத்தில் வரக்கூடிய நோய் இது, புகை அதை இன்னும் கிட்டே கொண்டுவரும்.

அன்புடன்,
அம்மா