கறிவேப்பிலைத் தொட்டி வெளியே வந்துவிட்டது

நூர்ன்பெர்க்,
16 மே 2025

அன்புள்ள கண்ணம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ கேட்டதற்கு அப்பா சரியாகப் பதில் சொல்லவில்லை. “ரிடையர் ஆகி ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னும் எதுக்குப்பா அந்தக் குளிர்ல? ரெண்டு பேரும் சிங்கப்பூருக்கே வந்துடுங்க” என்றாய். அம்மா பேச்சை மாற்றினாள். நான் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நீ அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதற்கு மழுப்பலாகப் பதில் சொன்னது தப்பு. எழுதினால் ஒழுங்காகச் சொல்ல வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நேற்றோடு ஐஸ்ஹைலிகெ என்கிற பனிப் புனிதர் நாட்கள் முடிந்தன. இன்று காலை கறிவேப்பிலைத் தொட்டியை பால்கனிக்குத் தூக்கி வைத்தாயிற்று. ஜனவரியில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றது, செத்தே போயிற்று என்றுதான் நினைத்தேன். மார்ச் கடைசியில் ஒரு கணுவில் கடுகளவுக்குச் செம்பச்சையாக ஒரு துளிர். அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துளிர் எண்ணுவாள். இப்போது பதினோரு கொத்து. ஏப்ரலில் நாலு நாள் நல்ல வெயில் அடித்தபோதே வெளியே வைத்துவிடலாம் என்றேன். “ஓமா சொன்னது மறந்துபோச்சா?” என்று மேல்மாடிப் பாட்டியை நினைவூட்டி ஒரே கேள்வியில் அடக்கிவிட்டாள்.

உனக்கும் நினைவிருக்கும். மே 11 முதல் 15 வரை ஐந்து புனிதர்களின் நாட்கள், கடைசி நாள் குளிர் சோஃபி. அதைத் தாண்டாமல் தக்காளி நாற்றை மண்ணில் வைக்காதே என்பது மேல்மாடி ஓமாவின் சட்டம். வெயிலை நம்பி நட்டால், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கருக்கிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கும்பகோணத்தில் உன் கொள்ளுத்தாத்தா சொன்னதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. மண்ணோடு பழகியவர்கள் எங்கே இருந்தாலும் நாள் பார்த்துத்தான் விதைக்கிறார்கள்.

ஓமாவைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முந்தைய கதை. 1998 நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இங்கே வந்து இறங்கினோம். அப்போதெல்லாம் சனிக்கிழமை 4 மணிக்கே கடையை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, உனக்குத்தான் தெரியுமே, இன்றைக்கும் கிடையாது. அது எங்களுக்குத் தெரியாது. காலையில் பால் வாங்கப் போனவன் தெருத் தெருவாக நடந்தேன். எல்லாம் மூடியிருக்கிறது, ஒரு மனுஷர் இல்லை, ஊரே காலியாகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். பெட்ரோல் பங்க்கில் ஒரு பாக்கெட் பால் கிடைத்தது. பெட்டியில் இருந்த ரவையை அம்மா உப்புமா கிளறினாள். கடுகு தாளித்த வாசனை மாடிப்படி வழியாக மேலே போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டி, அரை ரொட்டியும் ஒரு பை உருளைக்கிழங்குமாக ஓமா நின்றாள். எங்களுக்கு அவள் பேச்சு புரியவில்லை, அவளுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. அம்மா ஒரு தட்டில் உப்புமா போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கொடுத்துப் போனாள்.

அந்த முதல் குளிர்காலத்தில் இன்னொன்று நடந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே இல்லை. உள்ளேயே சமையல், உள்ளேயே துணி காய்வது. ஜனவரியில் பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் மூலையில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று அம்மா அழுதுவிட்டாள். ஓமா இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இரண்டு ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைக் காட்டினாள். ஐந்து நிமிஷம், காலையிலும் சாயங்காலமும். பாதி சாய்த்து மணிக்கணக்கில் வைக்கக் கூடாது, அதில் சுவர்தான் குளிரும். மொத்தமாகத் திறந்தால் ஈரக் காற்று வெளியே போய்விடும், சுவரில் இருக்கிற சூடு தங்கிவிடும். 26 வருஷமாக இந்த வீட்டில் அந்த ஐந்து நிமிஷம் தவறியதில்லை. நீ சிங்கப்பூரில் ஏசி போட்ட அறையிலும் காலையில் ஜன்னலைத் திறந்துவிடுவதாகச் சொன்னபோது உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

ஓமா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், 88 வயது. உனக்கு அதுவரை தெரியும். புதன்கிழமைதோறும் நாங்கள் போகிறோம் என்பதை அம்மா சொன்னாளோ என்னவோ. இது ஷ்பார்கல் (தண்ணீர்விட்டான் தண்டு, அஸ்பாரகஸ்) பருவம் அல்லவா, போன புதன்கிழமை க்னோப்லௌக்ஸ்லாண்ட் தோட்டக்காரரிடம் வெள்ளை ஷ்பார்கல் ஒரு கிலோ வாங்கிப் போனோம். அவளுக்குக் கை நடுங்குகிறது, தோல் சீவ வரவில்லை. அம்மா சீவ, அவள் பார்த்துக்கொண்டே திருத்தினாள்: தலையை விட்டு ஒரு விரல் கீழே தொடங்கு, அடிக்குப் போகப் போக அழுத்திச் சீவு, தோலை எறியாதே, சூப்புக்கு ஆகும். அம்மாவுக்கு இதெல்லாம் இருபது வருஷமாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஜூன் 24 வந்தால் அறுவடையை நிறுத்திவிடுவார்கள், அதற்குமேல் வெட்டினால் வேருக்குத் தெம்பிருக்காது, அடுத்த வருஷம் விளையாது. அதுவரை நம் வீட்டில் பச்சை ஷ்பார்கல் சாம்பார்தான். முருங்கைக்காய் இல்லாத குறைக்கு அது போதும்.

பேர்லௌக் என்கிற காட்டுப் பூண்டு இலைத் துவையலும் ஏப்ரலில் அரைத்தாயிற்று. பெக்னிட்ஸ் ஆற்றோரம் அப்பாதான் பறித்தேன். இலை இலையாகக் கசக்கி முகர்ந்து பூண்டு வாசனை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பையில் போட்டேன். பக்கத்திலேயே மணிப்பூச் செடியும் முளைக்கும், இலை அச்சாக அதே மாதிரி, ஆனால் விஷம். அதுவும் நாலைந்து இலை கசக்கிய பிறகு விரலிலேயே வாசனை ஏறிவிடும், அப்புறம் மூக்கை நம்ப முடியாது. கையைக் கழுவிவிட்டுத்தான் மறுபடி பறிக்க வேண்டும். இரண்டு பாட்டில் ஃப்ரீசரில் உனக்காக இருக்கிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். குளிர்காலம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். டிசம்பரில் நாலேகாலுக்கே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போன காலத்தில் அது தெரியவில்லை. இந்த பிப்ரவரியில் அப்பாவுக்கு மனசு மிகவும் கீழே போயிருந்தது. மூன்று வாரம் வெயிலே கண்ணில் படவில்லை. காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. நீ கூப்பிட்டபோதெல்லாம் ஜலதோஷம் என்று சொன்னேன். ஜலதோஷம் இல்லை. உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று அப்படிச் சொன்னேன், மன்னித்துக்கொள்.

அம்மாதான் என்னை வெளியே இழுத்துப் போனாள். ஜெர்மனி டிக்கெட் கையில் இருக்கிறதே, 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி 2025இல் 58 ஆகிவிட்டது, ஆனாலும் மாசம் பூராவும் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் சாதாரண வண்டியில் போகலாம். வேக வண்டிக்குத்தான் செல்லாது. நமக்கு என்ன அவசரம்? நீ சின்னவளாக இருந்தபோது வார இறுதி டிக்கெட் எடுத்து, ஐந்து பேர் வரை போகலாம் என்பதால் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொண்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்புவோமே, அதே மாதிரிதான். இப்போது இரண்டு பேர், ஒரு டப்பா.

மார்ச் 16ஆம் தேதி வூர்ட்ஸ்பூர்க் போனோம். மாளிகையின் மாடிப்படி ஞாபகம் இருக்கிறதா? படியேறும்போது தலைக்கு மேல் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ 1750களில் வரைந்த கூரை ஓவியம், நாலு கண்டங்கள். நீ ஏழு வயதில் படியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு “அப்பா, நம்ம யானை!” என்று கத்தினாய். ஆசியாவின் பக்கத்தில் யானைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். இப்போதும் அங்கேயே இருக்கிறாள். மாளிகையின் பெரும்பகுதி போரில் எரிந்தும், கட்டடக் கலைஞர் நோய்மன் கட்டிய அந்தக் கூரை மட்டும் விழாமல் நின்றது.

அன்றைய தேதியைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். 1945இல் அதே மார்ச் 16 இரவு, சுமார் இருபது நிமிஷக் குண்டுவீச்சில் பழைய நகரம் ஏறக்குறைய முழுதாக எரிந்துபோனது. சுமார் 5,000 பேர் இறந்தார்கள். ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் நகரசபைக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. எரிந்த நகரத்தை மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கூரை இல்லாத வீடுகள், சுவர் மட்டும், தீப்பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி. நாங்கள் ஏறிவந்த பாலமும் அதில் இருந்தது. இரவு 9.20க்கு ஊரில் உள்ள தேவாலய மணிகள் எல்லாம் அடிக்க ஆரம்பித்தன. இருபது நிமிஷம். பாலத்தில் நின்ற யாரும் பேசவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓமாவுக்கு அப்ப எட்டு வயசு” என்றாள். நம் ஊர் எரிந்தது அதே வருஷம் ஜனவரி 2. ஓமா நிலவறையில் போர்வைக்குள் இருந்திருக்கிறாள். இதை அவள் நம்மிடம் சொல்வதற்கே பத்து வருஷம் ஆயிற்று. கடைசி வண்டியைப் பிடித்து வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் எனக்கு எழுந்திருக்கப் பிடித்தது, கண்ணம்மா. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

அப்புறம் பாம்பெர்க் இரண்டு தடவை. ஆற்றுக்கு நடுவே நிற்கிற பழைய நகரசபையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் நாட்டமில்லை, நேரே தோட்டக்காரர் பேட்டைக்குப் போய்விட்டாள். நகரத்துக்கு நடுவிலேயே, வீட்டு வரிசைகளுக்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாகக் காய்கறி பயிரிடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே வெங்காயம் மிதிப்பவர்கள் என்றுதான் பட்டப்பெயர். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு வெங்காயத்தாளை மிதித்துச் சாய்ப்பார்களாம், சத்து இலைக்குப் போகாமல் கிழங்குக்குப் போகும் என்று. மறுநாளே நம் க்ளைன்கார்ட்டன், அந்தச் சின்னத் தோட்டத் துண்டு நிலத்தில் ஒரு வரிசையை அம்மா மிதித்துப் பார்த்தாள். ஆகஸ்டில் தெரியும். ரேகன்ஸ்பூர்க்கில் மழை, பாலத்தைப் பார்த்துவிட்டு டோனாவ் ஆற்றோரம் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு வழக்கம்போல இந்த வருஷமும் போகிறோம். இலங்கைத் தமிழர்கள் 2002இல் எழுப்பிய அந்தக் கோபுரத்தைத் தொழிற்சாலைகளுக்கு நடுவில் தூரத்தில் பார்த்ததுமே அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும், நீயே பார்த்திருக்கிறாய்.

அதனால் கண்ணம்மா, நாங்கள் இங்கேயே இருக்கிறோம். உன்மேல் பாசம் குறைந்தோ, உனக்குப் பாரமாகிவிடுவோம் என்று பயந்தோ சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஐந்து வருஷம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று தினமும் சொன்னவள் அம்மா. அவளே இப்போது மூன்று வருஷம் காத்திருந்து வாங்கின நிலத்தை விட்டு வர மாட்டேன் என்கிறாள். எனக்கும் எந்த மாதம் எந்த மரம் பூக்கும், எந்த வாசலில் பனி வழுக்கும், யாரை எந்தக் கிழமையில் பார்க்கப் போக வேண்டும் என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். வேறு ஊரில் முதலிலிருந்து பழகத் தெம்பிருக்கலாம், ஆசை இல்லை.

ஒன்று செய்கிறோம். ஜனவரியும் பிப்ரவரியும் உன்னோடு இருக்கிறோம். பொங்கல் உன் வீட்டில். அந்த இருட்டு மாதங்களை இங்கே தள்ள வேண்டாம் என்று அப்பாவே முடிவு செய்துவிட்டேன். கறிவேப்பிலைத் தொட்டியைக் கீழ்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஓமாவைத் தோட்டத்து நண்பர்கள் முறை வைத்துப் போய்ப் பார்ப்பார்கள், கேட்டுவிட்டேன். நீயும் ஒன்று செய்ய வேண்டும். நவம்பர் 11க்கு லீவு கிடைத்தால் வா. மார்ட்டின் நாளில் குழந்தைகள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு நம் தெரு வழியாகத்தான் இன்னமும் போகிறார்கள். நீ நாலு வயதில் ஒட்டின ஆரஞ்சுக் காகித லாந்தர் கெல்லரில், நம் நிலவறையில், பத்திரமாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருக்கிறது.

நாளைக்குத் தக்காளி நடுகிறோம், பன்னிரண்டு நாற்று. ஓமாவைச் சக்கர நாற்காலியில் தோட்டத்துக்குக் கூட்டிவர இல்லத்தில் அனுமதி வாங்கியாயிற்று, பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மழை வராது என்று ரேடியோவில் சொன்னார்கள். அவளுக்குப் போர்த்த அம்மா கம்பளிப் போர்வையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நாற்றை டிராமில் எப்படிக் கொண்டுபோவது என்று என்னைக் கேட்கிறாள். படம் எடுத்து அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா