அண்ணா, அந்த வீடியோவை ஏன் நீக்கினேன்?

அண்ணா,

மூன்று முறை கேட்டுவிட்டாய். அப்பாவின் திதி முடிந்து நீ ஊர் திரும்பிய மறுநாள், பிறகு அண்ணி மூலமாக, நேற்று இரவு மறுபடியும். குடும்பக் குழுவில் பதில் சொன்னால் ஆளுக்கொரு வார்த்தை சேர்ப்பார்கள். ஊரே பார்க்கும்படி போட்ட வீடியோ அது. நீக்கிய காரணத்தையும் ஊர் அறியச் சொல்வதுதான் முறை. வீட்டு விவகாரம் எதுவும் இதில் வராது. அதைத் தேடி யாராவது வாசிக்க வந்திருந்தால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

42 விநாடி. குருவிக்கூண்டின் மூடி திறக்கிறது. வைக்கோலும் கோழி இறகுமாய் ஒரு குழி, அதில் மஞ்சள் வாயோரத்தோடு மூன்று சிட்டுக்குருவிக் குஞ்சுகள். பின்னாலிருந்து அப்பாவின் குரல்: “மூடும்மா, மூடும்மா.” அத்தோடு முடிகிறது. கார் ஓட்டும்போதுகூட அதைப் போட்டுக் கேட்கிறாய் என்று அண்ணி சொன்னார்கள். அப்பா கொஞ்சுவதுபோல உனக்குக் கேட்கிறது. அவர் கொஞ்சவில்லை, அண்ணா. பதறினார்.

கூரை ஓடுகளைப் பிரித்துத் தளம் போட்டபோது குருவிகளுக்கு இருந்த சந்துபொந்தெல்லாம் போயிற்று. தளம் யாருடைய யோசனை என்று இங்கே எழுதவில்லை. 2018 நவம்பரில் கஜா சாய்த்த கொல்லை மாமரத்தின் பலகையை எடுத்து அப்பா கூண்டு செய்தார். துவாரம் பெரிதானால் மைனா புகுந்துவிடும் என்று ஒன்றேகால் அங்குலத்துக்கு நூல் பிடித்து அளந்தார். கீழே நெற்கதிர்க் கொத்து ஒன்றைக் கட்டினார். படுக்கையில் விழுந்த பிறகு கட்டிலைத் திண்ணைக்கு மாற்றச் சொன்னதும் அந்தக் கூண்டைப் பார்ப்பதற்காகத்தான்.

நீ அனுப்பிய வீடியோக்களையும் அவர் ஆசையாகப் பார்த்தார், அதை மறுக்க மாட்டேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விளக்குக் கம்பத்தின் மேல் கூடு கட்டிய செவ்வால் பருந்துகள். ஆணும் முறை வைத்து அடைகாப்பதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். பழைய ஆண் பருந்து எஸ்ரா 2017இல் செத்துப்போனதை நீ சொன்ன அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஆனால் “அண்ணன் ஏதாவது அனுப்பினானா?” என்று கேட்பார். அந்த ஒரு மணி நேரம் உன்னால்தான் அவருக்குக் கிடைத்தது. மிச்சம் இருபத்துமூன்று மணி நேரத்தைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருஷம் மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள். “துவாரம் மட்டும்தான் தெரிகிறது, உள்ளே காட்டு” என்று இரண்டு தடவை எழுதினாய். அந்தப் பருந்துக் கூட்டுக்குக் கேமரா கம்பத்திலேயே இருக்கிறது. யாரும் கூட்டைத் தொட வேண்டியதில்லை. இங்கே நான்தான் கேமரா. முக்காலி போட்டு ஏறி மூடியைத் திறந்தேன்.

முட்டை பொரித்துப் பதின்மூன்றாம் நாள் அது. ஏழெட்டு நாளில் திறந்திருந்தால் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடந்திருக்கும். பதினைந்து நாள் போல ஆகியிருந்தால் தாமாகவே கிளம்பியிருக்கும். இடைப்பட்ட நாளில் பயந்தால், சிறகு பலப்படுவதற்கு முன்பே வெளியே குதித்துவிடும். அப்பாவுக்கு இது தெரியும். எனக்கு அன்று தெரியாது. நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேன். ஏறியது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றும் குதித்தன. ஒன்றை முந்தானையில் பிடித்தேன். ஒன்று செம்பருத்திக்கு அடியில் ஓடியது. மூன்றாவது கிணற்றடி வரை தத்திப் போனது, அங்கே பூனை இருந்தது. அப்பா கைத்தடியை வீசினார், எட்டவில்லை. எழுந்திருக்க முடியாத மனிதர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். நான் குஞ்சுக்கு ஓடுவதா அவரைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு அவரைப் பிடித்தேன். தாய்க்குருவி அலகில் பச்சைப் புழுவோடு வந்து, கூண்டில் உட்காராமல் தள விளிம்பில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. செம்பருத்திக் குஞ்சுக்கு இருட்டும்வரை தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொடுத்தன.

பிடித்த குஞ்சைக் கூண்டில் விட்டுவிட்டு வீடியோவை 42 விநாடியில் வெட்டி உனக்கு அனுப்பினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். குஞ்சு செத்ததை மறைத்து, உன் பாராட்டை வாங்கிக்கொண்டேன். அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதும் உன்னைப் பற்றித்தான்: “அவனிடம் சொல்லாதே. தூரத்தில் இருக்கிறவன், மனசு கஷ்டப்படும்.” உன் மனசைக் காப்பதற்கு எப்போதும் ஒருவர் இருந்தார், அண்ணா.

அவர் சொல்லைக் காப்பாற்றத்தான் இருந்தேன். திதிக்கு நான்கு நாள் முன்பு மேலத்தெருப் பையன் செல்போனோடு வந்தான். அவர்கள் வீட்டுக் கூண்டைத் திறந்து படம் எடுத்திருக்கிறான். “உங்களை மாதிரியே எடுத்தேன் அக்கா” என்று காட்டினான். நல்லவேளை, அவை கண் திறக்காத குஞ்சுகள். திறக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டு, அன்றிரவே வீடியோவை நீக்கினேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்பதால் கேட்கவில்லை.

கூண்டில் இப்போதும் ஜோடி இருக்கிறது. அது அந்தப் பழைய ஜோடிதானா என்று சொல்லத் தெரியவில்லை. மூடியைக் கம்பியால் கட்டிவிட்டேன். சுத்தம் செய்யும்போது மட்டும் அவிழ்ப்பேன், கூடு காலியான பிறகு.

அப்பாவின் குரலை அழிக்கவில்லை. வெட்டாத பதிவு 3 நிமிடம் 10 விநாடி. நேற்று இரவு உன் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன், குழுவில் போடாதே. ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு அவர் உன் பெயரையும் சொல்கிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகு கேள்.

உன் தங்கை