வின்செஸ்டர் 1894: குழல் ஆட்டம் பற்றி மகளுக்கு

அன்புள்ள மலர்,

உன் டேக்டவுன் ரக (குழலைக் கையால் கழற்றி மாட்டக்கூடிய) வின்செஸ்டர் 1894 துப்பாக்கியில், குழலும் ரிசீவரும் (போல்ட் அடங்கிய உடற்பகுதி) சேரும் இடத்தில் ஆட்டம் இருப்பதாக எழுதியிருந்தாய். ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் அது எந்த ஆட்டம் என்று பார். குழல் இடவலமாகத் திரும்பினால் மேகஸின் குழாயின் (குழலுக்கு அடியில் தோட்டாக்கள் நிற்கும் குழாய்) பின்நுனியும் அது நுழையும் துளையும் தேய்ந்திருக்கின்றன. அதற்குக் கீழே சொல்லும் வளையத் திருகுகள் மருந்தல்ல. குழல் மேலும் கீழும் அசைந்தாலோ, மூட்டில் இடைவெளி தெரிந்தாலோதான் கீழே எழுதியிருப்பது உதவும்.

முதலில் சேம்பரும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) மேகஸினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய். குழல் முனைப்பக்கம் இருக்கும் சிறு நெம்பை விரித்து மேகஸின் குழாயைக் கழற்றி, ரிசீவரை விட்டு விலகும்வரை முன்னால் இழு. பிறகு கீழ் லீவரை முழுவதும் திற. போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உருளை) பின்வாங்காமல் குழலைத் திருப்பினால், சுட்ட தோட்டா உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் உடையும். பழைய ரகத்துக்கு அது கிடைப்பது லேசல்ல. இனிக் கால் சுற்று திருப்பினால் போதும். குழலின் மரை இடையிடையே வெட்டப்பட்டிருப்பதால் அப்படியே கையோடு வரும்.

மரையை மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் கொண்டு கழுவு. காய்ந்த எண்ணெய்ப் பிசினே பல துப்பாக்கிகளில் மூட்டைச் சரியாக உட்கார விடாது. கழுவி மாட்டிப் பார்த்து, இன்னும் ஆடினால் மட்டும் மேலே போ.

குழலோடு வரும் வளையத்தில், ரிசீவரை நோக்கிய முகத்தில், சின்னத் திருகுகள் தெரியும். அவை முகத்தை விட்டுத் துளி வெளியே நின்றால் ரிசீவரை அழுத்தி மரையின் தளர்வை எடுத்துவிடும். காடிக்குச் சரியாகப் பொருந்தும் நுனியுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும். இறுகிப் போயிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடு. சிறிதளவே திருப்பி, எவ்வளவு எழுந்தது என்று நகத்தால் தடவிப் பார். எல்லாத் திருகும் ஒரே அளவு எழ வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றே பாரம் தாங்கிக் குழல் கோணும். ரிசீவர் முகத்தில் பிரஷ்யன் ப்ளூவை (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) மெல்லியதாகத் தடவி, மாட்டிக் கழற்று. ஒவ்வொரு தலையிலும் ஒரே மாதிரி நீலம் ஒட்டியிருந்தால் சரி.

எவ்வளவு இறுக்கம்? கால் சுற்றின் கடைசியில் கைக்கு நல்ல பிடிப்பு தெரிய வேண்டும், ஆனால் சுத்தியல் கூடாது. மேகஸின் குழாய் சிரமமில்லாமல் தன் துளைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் குழல் முழுதாகத் திரும்பவில்லை. குறிக்காட்டியும் சாய்ந்தே நிற்கும். மிகையாக இறுக்கினால் மரை உரசிக் கிழியும், அதைச் சரிசெய்ய வழியில்லை. இடையில் பித்தளைத் தகடு வைக்கும் யோசனையையும் மரையைத் தட்டி விரிக்கும் யோசனையையும் விட்டுவிடு. முதலாவது ஒவ்வொரு திருப்பலிலும் நகரும், இரண்டாவது பழம்பொருளின் மதிப்பையே கெடுக்கும்.

திருகுகளால் மூட்டை இறுக்கும்போது குழல், மரைத் தளர்வின் அளவுக்கு முன்னால் நகர்கிறது. அதனால் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு அமரும் இடத்துக்கும் உள்ள தூரம், கூடும். உன் துப்பாக்கி .30-30 தோட்டாவுக்கானது என்றால் கேஜ் (சேம்பரில் வைத்து அந்தத் தூரத்தைச் சோதிக்கும் அளவுக் கட்டை) வைத்துப் பார்க்காமல் சுடாதே. 0.063 அங்குல 'கோ' கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.067 'நோ-கோ'வில் மூடக் கூடாது. நடுவில் இருப்பது 0.1 மில்லிமீட்டர், ஒரு காகிதத் தாளின் கனம். நோ-கோவிலும் மூடினால் திருகை இன்னும் திருப்பிப் பார்க்காதே. அதைத் துப்பாக்கி வேலைக்காரரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

அன்புடன்,
அப்பா