கிட்னி கொடுக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

மாப்பிள்ளைக்கு உன் கிட்னி பொருந்துகிறது என்று எழுதியிருந்தாய். கொடுப்பதும் கொடுக்காததும் உன் முடிவு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் "லேப்ராஸ்கோபிதானே அம்மா" என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்வதால் தழும்பு சின்னதுதான்; அதற்காக ஆபரேஷனும் சின்னது என்று நினைத்துவிடாதே.

இரண்டு கிட்னியும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். வித்தியாசம் இருந்தால் நன்றாக வேலை செய்கிற கிட்னி உன்னிடமே இருக்க வேண்டும். சமமென்றால் பெரும்பாலும் இடதை எடுப்பார்கள். அதன் சிரை நீளம், அவருக்கு வைத்துத் தைக்க வசதி.

வயிற்றில் நிரப்பும் கரியமில வாயுவின் அழுத்தம் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அதை ஈடுகட்டத்தான் சலைன் தாராளமாக ஏற்றுகிறார்கள். சிறுநீர்க்குழாயைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே பிரிக்க வேண்டும். குழாய்க்கு ரத்தம் வருவது அதன் வழியாகத்தான். அதை வழித்துவிட்டால் அவர் உடம்பில் குழாயின் முனை செத்து, மூத்திரம் கசியும். கடைசியில் தமனியையும் சிரையையும் வெட்டி, அடிவயிற்றுக் கீறல் வழியே கிட்னியை எடுத்து, குளிர்ந்த திரவத்தால் உள்ளிருக்கும் ரத்தத்தைக் கழுவுவார்கள். பக்கவாட்டில் பெரிதாகக் கிழித்துச் செய்யும் பழைய முறையைவிட இதில் கிட்னி ரத்தமில்லாமல் இருக்கும் நேரம் சில நிமிடம் கூடுதல். ஆனாலும் பின்னாளில் அது வேலை செய்வதில் இரண்டு முறைக்கும் வித்தியாசமில்லை.

ஒன்றை மட்டும் கூச்சப்படாமல் சர்ஜனிடம் கேள்: தமனியை எதை வைத்து அடைப்பீர்கள்? பூட்டு மாதிரி விழும் பிளாஸ்டிக் கிளிப் என்றால் ஒத்துக்கொள்ளாதே. அது நழுவி, நன்றாக இருந்த கொடையாளிகள் உள்ளே ரத்தம் கொட்டி இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2011-ல் இதை வெளிப்படையாகவே எச்சரித்தது. ரத்தக்குழாயின் சுவரையே குத்திப் பிடிக்கிற ஸ்டேப்ளரோ தையலோதான் சரி. மொத்தத்தில் கொடையாளி இறக்கும் அபாயம் 10,000 பேரில் சுமார் 3. மிகக் குறைவுதான், ஆனால் பூஜ்யமில்லை.

முதல் சில நாள் தோள்பட்டை வலிக்கும். அது மீந்த வாயுவால், பயப்படாதே. நாலைந்து வாரம் கனம் தூக்காதே. கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். மிச்சமிருக்கும் கிட்னி பெருத்து, பழைய மொத்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்யும். இனி டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் பக்கம் போகாதே. வருஷா வருஷம் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்த்துக்கொள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல், கொடுத்த பிறகு வரும் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுகிறது.

அவருக்கு நல்ல பலன் கிடைக்கும். உயிரோடு இருப்பவர் தந்த கிட்னியில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் முதல் வருடத்தைத் தாண்டி வேலை செய்கின்றன. புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை மட்டும் ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது, நேரம் தவறாமல் அவர் போடுகிறாரா என்று நீ பார்த்துக்கொள்.

ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. கிட்னிக்குப் போகும் தமனி ஒன்றா இரண்டா என்று பார்க்க வேண்டும்.

அம்மா