22 நிமிடத்தில் யாழ்ப்பாணமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பகுதியில் ‘திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கி.மீ. (99 மைல்), விமான நேரம் 22 நிமிடம்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து என் வீட்டம்மா, “பாம்பன் போய் வர்ற நேரங்கூட இல்லையே, தை பிறந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வருவோம்” என்று பிடியாய் நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் மைல். 184 கி.மீ. என்பது 99 கடல் மைல். தரை மைலில் சொன்னால் 114 வரும். எங்கள் கடற்கரையில் விசைப்படகு ஓட்டும் பையனுக்கே தெரிந்த வித்தியாசம் இது. வெறும் ‘மைல்’ என்று போட்டால் எதை எடுத்துக்கொள்வது?

அடுத்து அந்த 22 நிமிடம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஏ.டி.ஆர். என்னும் சிறிய ரக விமானத்தின் மணிக்கு 500 கி.மீ. வேகத்தால் வகுத்திருக்கிறீர்கள். அந்த வேகம் மேலே ஏறி நிதானப்பட்ட பிறகு வருவது. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பங்கு.

போன ஆனியில் மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு நான் அந்த விமானத்தில்தான் போனேன். (யாழ்ப்பாணத்துக்கே கருப்பட்டி கட்டிக்கொண்டு போன புத்திசாலி நான்.) கதவைச் சாத்தியதும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போகவே கொஞ்ச நேரம் ஆனது. நல்ல கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. விமானம் எதிர்காற்றில்தானே எழும்பும்? திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆக, கிழக்கே போகவேண்டிய விமானம் மேற்கே பார்த்துக் கிளம்பி, பிறகு திரும்பியது. படகில் பாய் விரித்துப் பழகியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலும் அதே கதைதான். ஊர் கீழே தெரிந்த பிறகும் கடல் பக்கம் போய் வளைந்து, வடகிழக்கிலிருந்து வந்து இறங்கியது. கதவு திறந்தபோது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 2025 மார்ச் கடைசியில் இந்தச் சேவை தொடங்கியபோது அறிவித்த அட்டவணையிலும் சுமார் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதையே நீங்கள் போட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய தூரம் உங்கள் கட்டத்துக்கு வெளியே கிடக்கிறது. எங்கள் ஊரான மண்டபத்திலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ. நானோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ராமநாதபுரம், தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை என்று 200 கி.மீ.க்கு மேல் பஸ்ஸில் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். மதியம் ஒன்றரை மணி விமானத்துக்கு விடியுமுன் எழுந்து கிளம்பினேன். போகிற வழியில் உச்சிப்புளியில் கடற்படையின் ‘பருந்து’ விமானதளம் இருக்கிறது. சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் ‘உதான்’ திட்டப் பட்டியலில் ராமநாதபுரத்தின் பெயரும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் கடந்து போகிறேன்.

அடுத்த முறை இப்படிக் கட்டம் போடும்போது ‘கதவு சாத்தியதிலிருந்து திறக்கும்வரை’ எவ்வளவு என்று ஒரு வரி போடுங்கள். பக்கத்தில் இடமிருந்தால் மண்டபம், தொண்டி, கீழக்கரையிலிருந்து விமான நிலையத்துக்குப் பஸ் நேரம் எவ்வளவு என்பதையும் சேருங்கள். தைக்குள் வந்தால் வீட்டில் காட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
மண்டபம்.