கரிப்பெட்டியோடு வந்த அண்ணாச்சிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள பங்கு மக்களே, வெளியூர்களிலிருந்து ஓடி வந்து உதவியவர்களே,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கிற யாரும் அதை இன்னும் பேசி முடிக்கவில்லை. கோயில் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருக்கிறது, பெஞ்சுகளில் சேற்று வாடை போகவில்லை. ஆனாலும் கிறிஸ்து பிறப்புத் திருப்பலி நம் கோயிலிலேயே நடந்தது. அதற்குக் காரணமானவர்களுக்கு, நம் கோயில் மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையின் சார்பில் நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடற்கரை ஊர்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவத் தம்பிகள், இருட்டில் கம்பம் ஏறிய வெளிமாவட்ட மின்வாரிய ஊழியர்கள், நம் தெருக்களில் இறங்கி வேலை செய்த தூய்மைப் பணியாளர்கள், மடத்து மாடியைத் திறந்துவிட்டுப் பொங்கிப் போட்ட அருட்சகோதரிகள், வின்சென்ட் தே பவுல் சபையார், மரியாயின் சேனையினர், கரோல் போக வைத்திருந்த நேரத்தையெல்லாம் மண்வெட்டியோடு கழித்த இளையோர், கோயிலைக் கழுவிவிட்ட எல்லா அன்பியத்து (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) பெண்கள், பெயர் சொல்லாமல் பாயும் போர்வையும் இறக்கிவிட்டுப் போன வேன்காரர்கள். உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் எங்களால் நிமிர்ந்திருக்க முடியாது.

இனி, பஜாரில் தள்ளுவண்டி வைத்து, கரிப்பெட்டியால் (கரி போட்டுச் சூடாக்கும் இஸ்திரிப்பெட்டி) துணி தேய்க்கும் அண்ணாச்சியைப் பற்றி. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் பங்கைச் சேர்ந்தவர் இல்லை. அவர் வண்டியை வெள்ளம் இழுத்துப் போய் ஒரு வேலியில் சாத்தி வைத்திருந்தது. தேய்க்க வந்த துணிகளும் போயிருந்தன. அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை வேறு.

நிவாரண அரிசி கேட்டுத்தான் அன்று கோயிலுக்கு வந்தார். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து பங்கு அலுவலகத்து அலமாரியிலிருந்து எடுத்த பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், அடக்கம் எல்லாம் ஊறி உப்பிப்போய், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பழைய நோட்டுகள்தானே என்று தோன்றலாம். இங்கே பிறந்து மும்பையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அங்கே கல்யாணம் என்றால், இந்த நோட்டைப் பார்த்துத்தான் சான்றிதழ் போகும். கல்யாணம் முடிந்ததும் அந்த விவரம் திரும்பி வந்து, ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் ஏறும். லத்தீனில் எழுதிய பக்கங்கள்கூட அதில் இருக்கின்றன. நம் தாத்தா பாட்டிகளில் பலருடைய பெயர் வேறெந்தத் தாளிலும் கிடையாது.

“வெயில்ல போட்டா சுருண்டுக்கிடும் டீச்சர். நான் தேய்ச்சுத் தரட்டுமா?” என்று கேட்டார்.

கரண்ட் இல்லாத ஊரில் அவருடைய பித்தளைக் கரிப்பெட்டி வேலை செய்தது. கரிதான் நனைந்து போயிருந்தது. யார் வீட்டு மாடியிலோ கிடந்த சிரட்டைகளை வாங்கி வந்து சுட்டார். தென்னை ஈர்க்கை மெல்ல நுழைத்துப் பக்கங்களைப் பிரித்தார். மேலேயும் கீழேயும் பழைய வேட்டித் துணி விரித்து, பெட்டியைப் புறங்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்து, அப்புறம்தான் வைத்தார். முழுக்கக் காயவிட்டால் தாள் ஒடிந்துவிடும் என்று கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுவார். மிச்ச ஈரம் காற்றில் போக, பதிவேட்டை விரித்து நிமிர்த்தி வைக்கச் சொன்னார். அந்தக் காலத்துக் கறுப்பு மை அப்படியே நின்றது. பின்னாளில் நீல மையில் எழுதியவைதான் நிறையப் பரவிவிட்டன.

பெயர்களை வாசித்துக்கொண்டேதான் தேய்த்தார். “இது நம்ம டீக்கடைக்காரர் அப்பா பேருல்லா?” என்பார். ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் பெண்) என்றால் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கொஞ்சம் வேகமாகச் செய்யலாமே என்று ஒரு பையன் சொன்னபோது, “ஒரு பக்கத்துல இத்தன பேரு இருக்காங்க, தீஞ்சிரக் கூடாதுல்லா” என்றார். எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை.

இந்த ஆண்டு, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24-ம் ஒரே நாளில் வந்தன. குருவானவருக்குக் காலைத் திருப்பலிக்கு ஊதா, இரவு கிறிஸ்து பிறப்புத் திருப்பலிக்கு வெள்ளை என்று இரண்டு உடைகளும் ஒரே நாளில் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், நாங்கள் கேட்காமலே, அலசிக் காயப்போட்டிருந்த அவற்றையும் பீடத் துணிகளையும் எடுத்துத் தேய்த்து மடித்து வைத்தார். மூன்றாம் ஞாயிற்றின் ரோஸ் உடைச் சாயம் வெள்ளை உடையில் இறங்கியிருந்தது. அந்தக் கறை போகவில்லை. பங்குச் சாமியார் அதையே அணிந்து பூசை வைத்தார்கள்.

காசு வாங்க மறுத்துவிட்டார். எவ்வளவோ சொன்ன பிறகு சிரட்டை வாங்கிய காசை மட்டும் எடுத்துக்கொண்டார்.

17-ம் தேதி காலை, மழைக்கு நடுவே, இரண்டாம் வாசகம் வாசித்தது நான். எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள், எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதிய பகுதி. வெள்ளத்துக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது. வீடு இழந்தவர்களிடம் அப்படிச் சொல்லவும் மாட்டேன். இந்த மனிதருக்கு மனசார நன்றி சொல்ல முடிகிறது. இரவுத் திருப்பலியில் லூக்கா நற்செய்தி, மக்கள்தொகைக் கணக்குக்காகப் பெயரைப் பதிவு செய்ய எல்லோரும் அவரவர் ஊருக்குப் போவதில்தான் தொடங்கும். மாட்டுத் தொழுவம் எப்போது வரும் என்று சின்ன வயதிலிருந்து அந்த வரிகளை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை தாண்ட முடியவில்லை. நிறைமாதத்தில் ஒரு பெண் அவ்வளவு தூரம் போனது, ஒரு பதிவேட்டில் பெயர் ஏறுவதற்காக.

அழிந்த பதிவுகளைத் திரும்ப எழுதி முடிக்கும்வரை எனக்கு வேறு வேலை இல்லை என்று நற்கருணைக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும். பழைய ஞானஸ்நான, திருமணச் சான்றிதழ்கள் வீட்டில் இருந்தால் நகல் எடுத்து அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அண்ணாச்சியின் தள்ளுவண்டிக்குச் சக்கரமும் மேல்தகரமும் புதிதாக வேண்டும். அந்தச் செலவைப் பங்குப் பேரவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தச்சு வேலை தெரிந்தவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கெபிக்கு (மாதா குகைக்கு) பக்கத்தில் வாருங்கள். பொங்கலுக்கு ஊரே துணி தேய்க்கக் கொடுக்கும், அதற்குள் வண்டி அவர் கையில் இருக்க வேண்டும்.

நன்றியுடன்,
செயலர், பங்குப் பேரவை